2 வயது 2 மாதம், பேச்சு வரவில்லை. இப்போது கடிக்கவும் ஆரம்பித்துவிட்டான்

பவானி ஆத்தங்கரை | செவ்வாய், இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். பையன் தூங்கிவிட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சொந்த ஊர் பவானி, இருப்பது பெங்களூரு. பையனுக்கு 2 வயது 2 மாதம். எண்ணிப் பார்த்தால் ஒன்பது வார்த்தை தேறுகிறது. அம்மா, ப்பா, தாத்தாவுக்கு "தா", தண்ணிக்கு "ண்ணி", காக்கா, மாட்டுக்கு "ம்பா", எந்த வண்டியைப் பார்த்தாலும் "பூம்", "இல்ல", அப்புறம் பக்கத்து வீட்டு நாய்க்கு அவனே வைத்த ஒரு பெயர். அவ்வளவுதான். அதே மாதம் பிறந்த நாத்தனார் பெண் கதையே சொல்கிறாள்.

வீட்டில் தமிழ். பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா கன்னடம். அபார்ட்மென்டில் பிள்ளைகள் இந்தி. பிளே ஸ்கூலில் ஆங்கிலம். "இத்தனை மொழி போட்டுக் குழப்பாதீர்கள், வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று அங்கே மிஸ் சொல்கிறார்.

மாமியார் ஒன்றும் கவலைப்படவில்லை. "அவங்கப்பன் மூணு வயசுலதான் பேசுனான், இப்ப நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டேங்கிறான்" என்கிறார். என் அம்மா வசம்பு தேய்க்கச் சொல்கிறார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. போன வாரம் ஸ்கூலில் இரண்டு பிள்ளைகளைக் கடித்துவிட்டான். ஒரு பிள்ளையின் கையில் பல் பதிந்த போட்டோவை அவங்கம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்ததும் அழுதுவிட்டேன். என் பிள்ளை ஏன் இப்படி ஆனான் என்றே புரியவில்லை.

---

தயிர்சாதம் | செவ்வாய், இரவு 11:58

மாமியார் சொல்வது சரி. ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும். யூடியூபில் ரைம்ஸ் போட்டு விடுங்கள். என் மகள் அதில்தான் ஏபிசிடி முழுக்கக் கற்றாள்.

---

நடுநிசி அப்பா | புதன், காலை 12:20

தயிர்சாதம், ஏபிசிடி ஒப்பிப்பதும் பேசுவதும் ஒன்றில்லை. என் மகளும் ஒன்றரை வயதில் ஒன்றிலிருந்து இருபது வரை ஒப்பிப்பாள். தட்டில் எத்தனை இட்லி என்று கேட்டால் சட்னியைத் தொட்டுக் காட்டுவாள்.

வீடியோ விஷயத்தில் எனக்கு மறக்கவே மறக்காத ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் பாட்ரீசியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் மாண்டரின் பேசும் ஒருவரை உட்கார வைத்துக் கதை படிக்கவும் பொம்மை காட்டவும் செய்தார்கள். 12 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குள்தான். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே கதை, டிவியில். ஒன்றுமே ஏறவில்லை. மாண்டரினே கேட்காத குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது.

ஆள் எதிரே இருந்தால் அவர் கண் எங்கே போகிறது என்று குழந்தை பார்க்கிறது. குழந்தை சிரித்தால் அவர் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். டிவியில் இருப்பவர் நம் பிள்ளை அழுதாலும் பாட்டை நிறுத்தமாட்டார்.

---

ஓய்வு டீச்சர் | புதன், காலை 5:35

கண்ணு பவானி, முதலில் அழுவதை நிறுத்து. கடிக்கிற பிள்ளையெல்லாம் கெட்ட பிள்ளை ஆவதில்லை. முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன்.

ஆனால் வசம்பை உள்ளுக்குக் கொடுக்காதே. என் காலத்தில் சுட்டுக் கரியாக்கி உரசி நாக்கில் தடவினோம், இல்லையென்று சொல்லவில்லை. வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் பார்த்திருக்கிறேன். தேனும் அப்படித்தான், ஒரு வயதுக்குள் நாக்கில் வைக்கவே கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். வேடிக்கை என்னவென்றால் எங்கள் பக்கம் வசம்புக்கே "பேர் சொல்லாதது" என்றுதான் பெயர். பேர் சொல்லாததைத் தேய்த்துப் பிள்ளையைப் பேர் சொல்ல வைக்கப் பார்த்தோம்!

அவன் எதையாவது விரல் நீட்டிக் காட்டுகிறானா? அதை நீ எழுதவில்லையே.

---

பவானி ஆத்தங்கரை | புதன், காலை 9:10

நன்றி டீச்சரம்மா. காட்டுவான். ஃபேனைக் காட்டுவான், பால்கனியில் புறாவைக் காட்டுவான். காட்டிவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். பிஸ்கட் வேண்டுமென்றால் என் விரலைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப் போவான்.

கூப்பிட்டால்தான் சில சமயம் திரும்பவே மாட்டான். சிப்ஸ் பாக்கெட் பிரித்தால் ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது, பிடிவாதம்தான் என்கிறார் வீட்டுக்காரர்.

---

வேம்பு | புதன், மதியம் 1:45

நான் பேச்சுப் பயிற்சியாளர், பதினான்கு வருடமாக இதுதான் வேலை. இணையத்தில் இரண்டு பத்தி படித்துவிட்டு யாருக்கும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கடைசிப் பதிவில் ஒரு நல்ல செய்தியும் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கின்றன.

நல்ல செய்தி அந்தப் புறா. பிள்ளைகள் விரல் நீட்டுவதில் இரண்டு வகை. "அதை எடுத்துக் கொடு" என்பது ஒன்று. "அங்கே பாரேன்!" என்பது இன்னொன்று. இரண்டாவதில் பிள்ளைக்கு எந்த லாபமும் இல்லை. புறாவை நீங்கள் பிடித்துத் தரப் போவதில்லை, அது அவனுக்கும் தெரியும். தான் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான் பாருங்கள், பார்த்தீர்களா இல்லையா என்று சோதிக்கிறான். வார்த்தை இல்லையே தவிர, அது பேச்சுதான். ஒன்பது மாதத்துக்கு மேல் துளிர்விட்டு ஒன்றேகால் வயதுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். என்னிடம் வரும் பெற்றோரிடம் எத்தனை வார்த்தை என்று கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்பேன்.

உடனே செய்ய வேண்டியது காதுப் பரிசோதனை. கேட்பது வேறு, தெளிவாகக் கேட்பது வேறு. பாக்கெட் சத்தம் காதில் விழுந்திருக்கலாம், கையில் பாக்கெட்டைக் கண்ணாலும் பார்த்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் இருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டால் வார்த்தை பாதி தேய்ந்துதான் போய்ச் சேருகிறது என்றால் அவன் எப்படித் திரும்புவான்? அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். வீட்டில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

பிறந்தவுடன் செய்த சோதனையில் பாஸ் என்று ஃபைலில் இருந்தால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது அன்றைய காது.

மைசூர் உங்களுக்குப் பக்கம்தானே. மானசகங்கோத்ரியில் இருக்கும் மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் காது, பேச்சு இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் பக்கத்திலேயே ஒரு நல்ல காது மூக்கு தொண்டை மருத்துவர், கூடவே ஒரு ஆடியாலஜிஸ்ட் (காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பவர்).

மொழி, கடி பற்றி இரவில் எழுதுகிறேன். பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

---

தயிர்சாதம் | புதன், மதியம் 2:02

நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அதை வெட்டிவிட்ட பிறகுதான் பேச்சு வந்தது.

---

வேம்பு | புதன், மதியம் 2:15

நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமம் இருக்கலாம், ல, ர மாதிரி சில எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம். வார்த்தையே வராமல் போக அது காரணம் ஆகாது. நாக்கை அசைக்கத் தேவையே இல்லாத "பாப்பா", "மாமா" என்ன ஆயிற்று?

---

யாழ் டொரோண்டோ | புதன், மாலை 6:50

பவானி, "வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதையுங்கோ" என்று எங்களுக்கும் சொன்னவை. மூத்த மகளுக்கு அப்ப இரண்டரை வயது, டேகேரில் சொல்லக் கேட்டு ஒரு வருசம் தமிழை அப்படியே விட்டிட்டம். எனக்கும் மனிசனுக்கும் வேலை இடத்து ஆங்கிலம்தான் வரும். ஆங்கிலத்தில் கொஞ்சத் தெரியாது, கொஞ்சினால் அது கட்டளை மாதிரிக் கேட்கும். பிள்ளை இன்னும் அமைதியாகிவிட்டாள். ஊரில் இருந்து அம்மம்மா கோல் எடுத்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருப்பினம், கதைக்க ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு தெரபிஸ்ட் சொன்னதைக் கேட்டுத் தமிழுக்குத் திரும்பினோம். இப்ப பதினொரு வயது, மூன்று மொழியிலும் வாய் காட்டுகிறாள். அந்த ஒரு வருசம் மட்டும் எனக்கு ஆறவில்லை.

---

வேம்பு | புதன், இரவு 10:30

யாழ் எழுதியதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாமதமாக வேண்டிய பிள்ளைக்கு ஒரே மொழி என்றாலும் தாமதமாகும். கணக்கெடுக்கும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேளுங்கள், "பா" (வா), "பேடா" (வேண்டாம்) என்று கன்னடத்தில் நான்கைந்து இருக்கக்கூடும், உங்களுக்குத் தெரியாமல்.

நீங்கள் எந்த மொழியில் யோசிக்காமல் பேசுவீர்களோ அதில் பேசுங்கள். தப்பில்லாத ஆங்கிலம் பேச முயலும் அம்மா அளந்துதான் பேசுவார். வெங்காயம் உரித்துக்கொண்டே பேசும் அம்மா நிறுத்தவே மாட்டார்.

இன்னொன்று, நம் ஊர் புத்தகங்களே பெரும்பாலும் விட்டுவிடுவது. "இரண்டு வயதில் ஐம்பது வார்த்தை, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும்" என்று ஒரு அளவு எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஆங்கிலத்தைப் பார்த்துப் போட்ட அளவு. ஆங்கிலப் பிள்ளை இரண்டு மூன்று சொல்லை அடுக்கிச் சொல்வதைத் தமிழ்ப் பிள்ளை ஒரே சொல்லில் விகுதியாக ஒட்டிவிடும். "வந்துட்டான்" என்பதில் வருவது, முடிந்துவிட்டது, அவன் என்று மூன்று சேதி இருக்கிறது. அதனால் தமிழில் வார்த்தைகளுக்கு இடையில் மட்டும் பார்க்காமல் வாலையும் பாருங்கள். "காக்கா" என்று சொன்ன பிள்ளை ஒருநாள் "காக்காவா?" என்று கேட்டால் அது பெரிய தாண்டல். அவன் ஒரு வால் ஒட்டியிருக்கிறான்.

சரி, உங்கள் பையன் ஒன்பது வார்த்தையில் இருக்கிறான், வால் எதுவும் இல்லை. எந்த அளவில் பார்த்தாலும் குறைவுதான். இப்படிப் பின்தங்கும் இரண்டு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் பிறகு தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பாதியில் ஒருவராக இருந்திருக்கலாம். எந்தப் பிள்ளை எந்தப் பாதி என்று முன்கூட்டியே சொல்ல என்னால் முடியாது, உங்கள் மாமியாராலும் முடியாது. அதனால்தான் காத்திருக்கச் சொல்வதில்லை.

---

மூன்றாம் மாடி | புதன், இரவு 11:15

நான் மற்ற பாதியின் அம்மா. என் மகனுக்கு ஆட்டிசம், இப்போது ஏழு வயது.

இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன். அவனுக்கு ஒரு வயதில் ஆறேழு வார்த்தை இருந்தது. ஒன்றரை வயதுக்குள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. "பூனை" போனது, "மம்மு" போனது, கடைசியாக "அம்மா" போனது. விரல் நீட்டிக் காட்டியதே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காற்றைக் கூப்பிட்ட மாதிரி. "பையன்தானே, வரும்" என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அதைக் கேட்கப் பிடித்திருந்தது. மருத்துவரிடம் காட்டுவதற்குள் மூன்று வயது ஆகிவிட்டது.

வந்த வார்த்தை போனால் மட்டும் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள், எந்த வயதானாலும் சரி. 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று ஒரு கேள்விப்பட்டியல் உண்டு, இருபது கேள்வி, தமிழிலும் இருக்கிறது. அது முடிவு சொல்லாது, யாரிடம் போய்க் காட்ட வேண்டும் என்ற அவசரத்தை மட்டும் சொல்லும்.

பவானி, உங்கள் பையன் புறாவைக் காட்டுகிறான் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கெட்ட எண்ணம் இல்லை. என் மகன் முதன்முதலில் ஒரு கிரேனைக் காட்டி என்னைப் பார்த்தது ஐந்து வயதில். தேதியைச் சமையலறை காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

---

ஓய்வு டீச்சர் | வியாழன், காலை 5:20

மூன்றாம் மாடி, அந்தக் காலண்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே அம்மா.

விரல் நீட்டுவது பற்றி இத்தனை பேர் எழுதியதும் ராத்திரி முழுக்க எனக்குப் பிள்ளைத்தமிழ் ஞாபகம். பத்துப் பருவம் சொல்வார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையிரண்டையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுவது. பிறகு முத்தம், வருகை, அதற்கப்புறம் அம்புலி. அம்புலியில் நிலாவைக் கூப்பிட்டு, "எங்கள் பிள்ளையோடு விளையாட வா" என்று கெஞ்சுவார்கள், வரவில்லையென்றால் மிரட்டுவார்கள். பாட்டுடைத் தலைவன் முருகனாக இருந்தாலும் சரி, அரசனாக இருந்தாலும் சரி, இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. வகுப்பில் பாடமாகப் படித்தபோது இதை வெறும் இலக்கண வாய்பாடு என்றுதான் நினைத்தேன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டினால் பிள்ளை முதலில் நம் விரல் நுனியைத்தான் பார்க்கும். கொஞ்ச நாளில் விரலை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும். அந்த நாள் வந்துவிட்டதா என்று பார்த்து வைத்தவர்கள் பாடியிருக்கிறார்கள்.

---

ஏரிக்கரை அங்கன்வாடி | வியாழன், மாலை 4:40

நான் விழுப்புரம் பக்கம் அங்கன்வாடி பணியாளர். கடியைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மையத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். வருஷத்துக்கு இரண்டு பேராவது கடிப்பார்கள். எனக்குத் தெரிந்து எல்லோருமே பேச்சு குறைவான பிள்ளைகள். பேச்சு வருகிற பிள்ளை "டீச்சர், இவன் என் பந்த புடுங்கிட்டான்" என்று கத்தும். பேச்சு வராத பிள்ளைக்கு வாயில் இருப்பது பல் மட்டும்தானே.

எப்போது கடிக்கிறான் என்று எழுதி வையுங்கள். என் மையத்தில் கடி விழுவது பெரும்பாலும் 11 மணிக்கு மேல், சாப்பாட்டுக்கு முன்னால். பசி, தூக்கம், ஒரே மரக்குதிரைக்கு மூன்று பேர். போன வருஷம் ஒரு பாப்பா மதியம் முட்டை உரிக்கும் நேரத்தில் சரியாகப் பக்கத்துப் பையனின் தோளைக் கடிக்கும். இரண்டு நாள் கவனித்தேன். முட்டை வரிசையில் தனக்கு வராமல் போய்விடுமோ என்ற பதற்றம். முதல் முட்டையை அவள் கையில் கொடுத்து, "நீதான் எல்லாருக்கும் குடுக்கணும்" என்றேன். கடி நின்றது.

கடித்தால் திருப்பிக் கடிப்பது, வாயில் அடிப்பது வேண்டாம். உட்கார்ந்து அவன் கண்ணுக்கு நேரே, "கோவம் வந்துருச்சா? பந்து வேணுமா? கடிச்சா வலிக்கும். ‘குடு’ன்னு கேளு" என்று அவ்வளவுதான். நீளமாகப் பேசினால் ஏறாது. அப்புறம் கடிபட்ட பிள்ளையைத்தான் முதலில் தூக்க வேண்டும், கடித்தவனை இல்லை.

---

நடுநிசி அப்பா | வியாழன், இரவு 11:50

அங்கன்வாடி டீச்சர் எழுதியதற்கு ஒரு பக்கபலம். மான்ட்ரியலில் ரிச்சர்டு ட்ரெம்ப்ளே என்பவர் பல வருடம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். மனிதர்கள் வாழ்க்கையிலேயே அதிகமாக அடிப்பது, தள்ளுவது, கடிப்பது பதின்வயதில் இல்லை, இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் என்கிறார். நாம் கெட்ட சகவாசத்தால் அடிக்கக் கற்றுக்கொள்வதாக நினைக்கிறோம். அடிப்பது கையோடு வருகிறது, அடிக்காமல் இருப்பதைத்தான் ஒவ்வொரு நாளாகக் கற்கிறோம். ரவுடிகளுக்குக் கை நீளம், இரண்டு வயதுக்காரர்களுக்குக் கை குட்டை, அதனால் தப்பித்தோம்.

இந்த வயதில் பகிர்ந்துகொள் என்றாலும் பெரிதாக ஏறாது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். அடுத்தவருக்கும் ஒரு மனசு இருக்கிறது, அதில் வேறு ஆசை இருக்கிறது என்பதே அப்போதுதான் புரியத் தொடங்குகிறது. 1997-இல் ரெப்பாச்சோலி, காப்னிக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளை முன்னால் இரண்டு கிண்ணம்: பிஸ்கட், ப்ரோக்கோலி. சோதனை செய்பவர் ப்ரோக்கோலியைச் சுவைத்து ஆகா என்பார், பிஸ்கட்டைச் சுவைத்து முகம் சுளிப்பார். பிறகு கையை நீட்டி "எனக்குக் கொஞ்சம் கொடு" என்பார். 14 மாதப் பிள்ளைகள் தமக்குப் பிடித்த பிஸ்கட்டையே எடுத்துக் கொடுத்தன. 18 மாதப் பிள்ளைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தன.

வீட்டில் சும்மா இருக்க முடியுமா? மகளுக்கு 15 மாதம் இருக்கும்போது பாகற்காய் வறுவலும் முறுக்கும் வைத்து நாடகம் போட்டேன். முறுக்கைக் கொடுத்தாள். 20 மாதத்தில் மறுபடி போட்டேன். பாகற்காயை எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாயில் திணித்தாள். நான் முழுங்கும்வரை அங்கேயே நின்றாள். முறுக்குக் கிண்ணம் மொத்தமும் அவளுக்கு. அது அன்பா, வியாபாரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

---

பவானி ஆத்தங்கரை | வெள்ளி, காலை 8:05

சிரித்துவிட்டேன். நான்கு நாளில் முதல் தடவை.

அக்காவிடம் கேட்டேன். "நீரு" (தண்ணி), "பா" (வா), "ஹோகு" (போ) மூன்றும் சொல்கிறானாம்! எனக்குத் தெரியவே தெரியாது. ஆக மொத்தம் பன்னிரண்டு. திங்கள்கிழமை காதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். வேம்பு, அதுவரை வீட்டில் என்ன செய்வது? தினமும் பூனை சொல்லு, யானை சொல்லு என்று படப் புத்தகம் வைத்துக் கேட்கிறேன். வாயை இறுக்க மூடிக்கொள்கிறான்.

---

வேம்பு | வெள்ளி, இரவு 9:40

முதலில் அந்த "சொல்லு"வை ஒரு வாரத்துக்கு வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் பிள்ளைக்குக் காலையிலிருந்து தேர்வுதான். மாமாவுக்கு ஹாய் சொல்லு, இது என்ன கலர் சொல்லு, மூக்கு எங்கே சொல்லு. பதில் உங்களுக்குத் தெரியும், தெரிந்தே கேட்கிறீர்கள் என்று அவனுக்கும் தெரியும். எந்த மனுஷனும் வாயை மூடிக்கொள்வான்.

பதிலாக அவன் பார்ப்பதை நீங்கள் பாருங்கள். புறாவைக் காட்டினால் "ஆமா, புறா! பறந்துருச்சு" என்று அவன் விட்ட இடத்திலிருந்து ஒரு வார்த்தை நீட்டுங்கள். "ண்ணி" என்றால் "தண்ணி வேணுமா? இந்தா தண்ணி" என்று சொல்லிக் கொடுங்கள். சரியாகச் சொல்லும்வரை கொடுக்கமாட்டேன் என்று தண்ணியைப் பிணையாக வைக்காதீர்கள். அப்புறம், கடினமான பகுதி: வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் மூன்று எண்ணுவதற்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை யோசித்து, உதட்டைக் குவித்து, மூச்சு எடுக்கும்போது நாம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருப்போம்.

ஒரு அம்மா சொன்னது: பூண்டு உரிக்கும்போது பல்லை ஒவ்வொன்றாக மகன் கையில் கொடுப்பாராம், அவன் கிண்ணத்தில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "போடு" என்பார். பத்துப் பல்லுக்குப் பிறகு ஒன்றைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பார். மூன்றாம் நாள் அவனே "ஓடு" என்றானாம். அன்றைக்கு ரசத்தில் பூண்டு அதிகம்.

போனைப் பற்றி ஒரே வரி. பிள்ளை மருத்துவர்கள் இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்கிறார்கள், உறவினரோடு வீடியோ காலைத் தவிர. அதற்கு மேல் ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள். அவன் கையில் இருக்கும் போன் அளவுக்கு நம் கையில் இருக்கும் போனும் முக்கியம் என்பது என் கருத்து. எட்வர்டு ட்ரானிக் என்பவர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்து விளையாடும் அம்மா திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் சும்மா பார்க்க வேண்டும். குழந்தை சிரிக்கும், கை நீட்டும், கூச்சலிடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். இப்போது காத்திருப்பு அறையில் தினமும் நான் பார்ப்பது இதைத்தான். நானும் வீட்டில் செய்கிறேன், மறைப்பதற்கில்லை.

---

மூன்றாம் மாடி | சனி, காலை 7:30

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: தனியாரில் கட்டுப்படியாகாது என்று விட்டுவிடாதீர்கள். ஆர்பிஎஸ்கே என்ற, பிள்ளைகளுக்கான அரசு மருத்துவப் பரிசோதனைத் திட்டம் 2013-இல் இருந்து இருக்கிறது, பிறந்தது முதல் 18 வயது வரை. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். காது, கண், பேச்சு எல்லாம் அங்கே இலவசம். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. நாங்கள் மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்தோம்.

---

ஏரிக்கரை அங்கன்வாடி | சனி, மாலை 5:10

ஆமாம், குழு வரும் தேதி எங்களிடம் இருக்கும். கேட்டால் சொல்வோம். கேட்பவர்கள்தான் குறைவு.

---

பவானி ஆத்தங்கரை | நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 10:15

இந்த இழை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அப்டேட் போடாமல் ஓடிவிட்டேன், மன்னிக்கவும்.

இரண்டு காதிலும் நீர் கோர்த்திருந்தது. செவிப்பறைக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் கோடு படுத்த படுக்கையாக வந்தது. தூங்க வைத்து இன்னொரு சோதனையும் எடுத்தார்கள், நரம்பில் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே வடியும், வடியாவிட்டால் சின்னக் குழாய் வைக்கலாம் என்றார் மருத்துவர். ஒரு காது சுத்தமாகிவிட்டது, இன்னொன்றில் கொஞ்சம் இருக்கிறது. குழாய் தேவைப்படாது போலிருக்கிறது.

வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து பையனைக் கூப்பிட வேண்டுமென்றால் எழுந்து போய் முன்னால் உட்கார்ந்துதான் கூப்பிடுகிறார். மாமியார் மட்டும், "நாந்தான் சொன்னேன்ல, தானா சரியாவும்னு" என்கிறார்.

வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சி. கணக்கு நேற்று வரை 70, மூன்று மொழியும் சேர்த்து. "அம்மா பா", "பூம் ஓச்சு" (போச்சு) எல்லாம் வந்துவிட்டது. பூண்டு வித்தையை நான் பட்டாணியில் செய்தேன், பாதிப் பட்டாணி சோபாவுக்கு அடியில். ஸ்கூலில் கடி நின்றுவிட்டது, "ஏய், என்து!" என்று கத்துகிறானாம். அதற்கும் புகார் வந்தது.

நேற்று மதியம் தூக்கக் கலக்கத்தில் போனைப் பிடுங்கியதற்கு என் முழங்கையைக் கடித்துவிட்டான். நான் "ஆ" என்றேன், திட்டவில்லை. கொஞ்ச நேரம் பல் பதிந்த இடத்தையே பார்த்தான். விரலால் தொட்டான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "வலிக்கா?" என்றான்.

---

தயிர்சாதம் | ஞாயிறு, இரவு 10:31

அடடா. வேம்பு, இது ஒரு வார்த்தையா, இரண்டா?

---

வேம்பு | ஞாயிறு, இரவு 10:44

ஒன்றுதான். வால் ஒட்டியிருக்கிறது, பாருங்கள்.